அழுங்கு எண்ணிய நத்தைகள்

ஒரு காட்டில், ஓடைக்கு வடக்கே ஏழாவது பாறைக்கு அடியில், மருதாசலம் என்றொரு அழுங்கு குடியிருந்தார். அழுங்கு என்றால் தலை முதல் வால் நுனி வரை செதில் போர்த்திய, நீள நாக்கை நீட்டி எறும்பு தின்னும் பிராணி. யாராவது குரலை உயர்த்தினால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மருதாசலத்துக்கு அந்தக் கூச்சம் மற்ற அழுங்குகளைவிட இரண்டு பங்கு. எதிரே வந்தவர் வணக்கம் சொன்னாலே பாதி சுருண்டுவிடுவார்.

காட்டின் எண்ணிக்கைத் துறையில் புற்று எண்ணுநராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். புற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே போகிற எறும்பையும் வெளியே வருகிற எறும்பையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது வேலை. பக்கத்துப் புற்றுக்காரர் 'சுமார் பத்தாயிரம்' என்று எழுதிவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விடுவார். மருதாசலம் 'ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு' என்று எழுதி, 'அதில் ஒன்றுக்குக் காலில் அடி' என்று குறிப்பும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. எண்ணிக்கையில் ஏறிய உயிரை யாரும் தின்னக் கூடாது. கருணையால் வந்த சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். முதன்முதலில் கணக்கெடுத்தபோது, முயல்களை எண்ணி முடித்து மான்களிடம் போய்த் திரும்பினால் முயல்களில் பாதியைக் காணவில்லை. பதிவேடும் காடும் ஒத்துப்போகவில்லை. பதிவேட்டைத் திருத்தினால் அடித்தல் விழும், பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே காட்டைத் திருத்தினார்கள். எண்ணியதைத் தின்னாதே என்று உத்தரவு போட்டார்கள். அன்று முதல் கணக்கெடுப்பு மிக மெதுவாகவே நடந்தது. அதிகாரிகளுக்கும் பசி இருக்கும் அல்லவா? மருதாசலமும் காலையில் எண்ணாத புற்றில் சாப்பிட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டிய புற்றுக்குப் போவார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சால்வையும் ஒரு கண்ணாடி மீன் தொட்டியும் கொடுத்தார்கள். சால்வை செதிலில் மாட்டிக் கிழிந்துபோனது. தொட்டி நிலைத்தது. தொட்டியில் சரோசா இருந்தாள், ஆரஞ்சு நிறம். பவளம் இருந்தாள், வால் ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும். ஏகாம்பரம் இருந்தான், கரும்புள்ளி வைத்தவன், ஓயாமல் பேசுவான். மொத்தம் எத்தனை மீன் என்று யாராவது கேட்டால் மருதாசலம் பதில் சொல்ல மாட்டார். வீட்டில் இருக்கிற உயிரை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது அவருடைய அம்மா சொல்லிவிட்டுப் போனது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் எண்ணலாம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிற சொந்த உயிர்களை மட்டும் எண்ணக் கூடாது. ஆகவே அவர் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று பெயருக்கும் பதில் வந்தால் மனம் அமைதியாகும். மூன்று என்பது பெயர்களின் எண்ணிக்கை. மீன்களை அவர் எண்ணியதே இல்லை.

தீனி விஷயம் வேறு. அதை எண்ணித்தான் போடுவார். தலைக்குப் பன்னிரண்டு தீனி மணிகள், காலையும் மாலையும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரச் சந்தையில் குரங்கு ஒன்று தண்ணீர்ச் செடி விற்றது. மீனுக்கு நிழலாக இருக்கட்டுமே என்று மருதாசலம் ஒரு கொத்து வாங்கி வந்தார். செடியைப் படிகாரத் தண்ணீரில் முக்கி எடுத்து, நாலு தடவை அலசிவிட்டுத்தான் தொட்டியில் வைக்க வேண்டும் என்பதைக் குரங்கு சொல்லவில்லை. கேட்கலாம் என்று மருதாசலமும் நினைத்தார். ஆனால் குரங்கு சத்தமாகப் பேசுகிற குரங்கு.

இலையின் அடியில் கஞ்சித் துளி போல ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். மருதாசலம் எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் இருபத்து மூன்று புள்ளிகளும் கண்ணாடியில் ஊர்ந்தன. செடியின் வேரிலும் தண்டிலும் ஒளிந்து வந்த வேறு சிலவும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஐந்து வாரத்தில் கண்ணாடி வழியாக மீன் தெரியவில்லை, நத்தைதான் தெரிந்தது.

"அய்யா," என்றான் ஏகாம்பரம், "நேத்து ராத்திரி நான் தூங்கி எந்திரிச்சா என் முதுகு மேல ஒருத்தன் ஏறி மேஞ்சுட்டிருக்கறானுங்க."

"செடியில பாதி இலை காணோமுங்க," என்றாள் பவளம்.

காற்றுக் குழாயின் வாயில் நத்தைகள் அடைத்துக்கொண்டதால் தண்ணீரில் காற்றுக் குறைந்திருந்தது. சரோசா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதைப் பார்த்ததும் மருதாசலம் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கண்ணாடியில் இருந்த மிகப் பெரிய நத்தையிடம் பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அது தட்டையாக, முறுக்குப் பிழிந்தது போலச் சுருண்ட ஓடு கொண்டது. சுருளாயி என்று பெயர்.

"அம்மிணி," என்றார் தயங்கித் தயங்கி, "நீங்கெல்லாம் கொஞ்சம்... அக்கட்டால போக முடியுமுங்களா?"

"போறதுக்கென்னங்க," என்றது சுருளாயி, "ஆனா சோறு இங்கதானே இருக்குது."

"நான் உங்களுக்குச் சோறு போடலியே!"

"போடறீங்க. தலைக்குப் பன்னெண்டு மணி போடறீங்க. உங்க ஏகாம்பரம் ஏழுக்கு மேல தின்னதே இல்லீங்க. வாய் பேசறதுக்கே சரியாப் போயிருது. மிச்சம் அஞ்சு எங்க போகுதுன்னு நெனச்சீங்க?"

மருதாசலத்துக்குக் காது சிவந்தது. "நான் எண்ணித்தான் போடறேன்."

"போடறத எண்ணறீங்க. தின்னறத எண்ணுனீங்களா? தீனியப் பாதியாக் கொறைங்க, நாங்களும் தன்னால பாதியாக் கொறஞ்சுருவோம். எதுக்கு இந்த அக்கப்போரு?"

வேறு காடாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். தீனியைக் குறைத்தான், நத்தை குறைந்தது, நீதி அளவோடு இரு என்பது. ஆனால் முப்பத்தோரு வருடம் எண்ணியவரிடம் எண்ணிக்கையில் பிசகு என்று ஒரு நத்தை சொன்னால் அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்? மருதாசலம் அன்று மாலையும் தலைக்குப் பன்னிரண்டே போட்டார்.

பக்கத்துப் பாறை முள்ளெலி ஒரு யோசனை சொன்னது. பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டிக்குள் போட்டுவை, விடிந்ததும் அதில் நத்தை மொய்த்திருக்கும், அப்படியே எடுத்துவிடு என்றது. செம்பு கலந்த மருந்து ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது நத்தையோடு மீனையும் கொண்டுபோகும், அந்தப் பக்கம் போகாதே என்றும் சொன்னது. மருதாசலம் வெள்ளரி போட்டார். காலையில் பத்தொன்பது நத்தை. எடுத்துப் போய் ஓடையோரம் விட்டுவிட்டு வந்து தொட்டியை எண்ணினார். நேற்றைவிட முப்பத்தொன்று கூடியிருந்தது.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் வெள்ளரிதானுங்க போடுவோம்," என்றது சுருளாயி.

இனி முறைப்படி போவது என்று மருதாசலம் தீர்மானித்தார்.

காட்டின் நடுவில் ஒரு பெரிய ஆலமரப் பொந்தில் எண்ணிக்கைத் துறையின் 'வேண்டாத உயிர்கள் பிரிவு' இருந்தது. வாசலில் வரிசை. மருதாசலம் பதினான்காவது ஆளாக நின்றார். ஏழாவது இடத்துக்கு வந்தபோது வரிசைக்குக் காவல் நின்ற காட்டுப்பன்றி, "நவுருங்க, நவுருங்க!" என்று உறுமியது. அவர் சட்டென்று சுருண்டார். அந்த இடம் சரிவு. உருண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். இப்படி நான்கு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை பன்றியின் வேலை நேரம் முடிந்து அது போய்விட்டதால் இவர் சன்னலை அடைந்தார்.

சன்னலில் கிட்டுசாமி என்ற ஓணான் இருந்தார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். வந்தவர்கள் சம்மதம் என்று நினைத்துச் சந்தோஷமாகப் போவார்கள். உண்மையில் அது அவருடைய கழுத்தின் பழக்கம், அதற்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை.

"சொல்லுங்க."

"தொட்டியில நத்தைங்க. எடுக்கோணும்."

கிட்டுசாமி தலையை ஆட்டினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "மொதல்ல அது நத்தைதானான்னு அடையாளம் காட்டோணும். நாலு கேள்வி. தண்ணியில குடியிருக்குதா? வழுவழுன்னு இருக்குதா? கால் இல்லாம இருக்குதா? ஓடு இருக்குதா? நாலுல மூணு பொருந்துனா நத்தை."

"நாலும் பொருந்துதுங்களே."

"நாலு பொருந்துனாலும் நத்தைதான். ஆனா மூணு போதுமுங்க. ஓடு ஒடஞ்ச நத்தை ஒண்ணு போன வருசம் வந்து, நான் நத்தையா இல்லையான்னு ஒரே ரகளை. அதுக்கப்புறம் இந்தத் தளர்வு."

"எந்த வகைன்னு போட்டிருக்குதே?"

"அதுவும் எழுதோணும். முறுக்கு மாதிரி தட்டையா இருந்தா ஒரு வகை. உருண்டையா, ஓடு நகம் மாதிரி மெல்லிசா இருந்தா ஒரு வகை. திருகாணி மாதிரி கூராப் பகலெல்லாம் மணலுக்குள்ள பொதஞ்சு கெடந்தா ஒரு வகை. எத்தனை இருக்குதுன்னு கீழ போடுங்க. சுமார்னு போடுங்க, போதும்."

மருதாசலம் நிமிர்ந்தார். வாழ்க்கையில் அவர் நிமிர்ந்த சந்தர்ப்பங்கள் குறைவு.

"முப்பத்தோரு வருசத்துல நான் சுமார்னு ஒரு எழுத்து எழுதுனதில்லீங்க."

"இருக்கட்டுமுங்க அய்யா. ஆனா இந்தப் படிவத்துக்குச் சுமாரே நல்லது. எல்லாரும் அதுதான் போடறாங்க." கிட்டுசாமி தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அரசாங்க வேலையில் ஒருவர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொல்வது அபூர்வம். அதை அவர் தலையாட்டிக்கொண்டே சொன்னதால் மருதாசலத்துக்கு அது நக்கலாகப் பட்டது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு நாள் எண்ணினார். மணலைக் குச்சியால் கிளறி, கல்லைப் புரட்டி, காற்றுக் குழாய்க்குள் எட்டிப் பார்த்து எண்ணினார். தட்டை ஐம்பத்தெட்டு. உருண்டை தொண்ணூற்றேழு. கூர் ஐம்பத்தொன்பது. ஆக மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. கீழே கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் 'புற்று எண்ணுநர் (ஓய்வு)' என்று தன் பழைய முத்திரையையும் குத்தினார். திருப்தியாக இருந்தது.

பதில் வரவில்லை. நத்தை காத்திருக்குமா? ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் கூடிய எண்ணிக்கையை ஒரு பின்னிணைப்பில் எழுதி அனுப்பினார். பதினேழு கூடியது. ஒன்பது. இருபத்திரண்டு. பதினான்கு. ஆறு. நாற்பத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு எண்ணினார், நான்கு கூடியிருந்தது. ஆக இருநூற்று எண்பத்தாறு. தபால்காரக் காக்கையிடம் அந்தக் கடைசிப் பின்னிணைப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலில் நத்தைகுத்தி நாரை நின்றுகொண்டிருந்தது.

பெயர் செங்கமலம். நீளக் கால். நத்தை ஓட்டைக் குத்தி உள்ளே இருப்பதை உருவுவதற்கென்றே நடுவில் இடைவெளி விட்ட அலகு. கழுத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட அகற்றுநர்' என்று அட்டை. சாட்சிக் கையெழுத்துப் போட ஓணான் கிட்டுசாமியும் கூட வந்திருந்தார்.

"ஏனுங்க, தொட்டி எங்க?" என்றார் செங்கமலம். "விடியக்காலம் ஒண்ணும் திங்காம பறந்து வந்தனுங்க. வேலைக்கு வர்ற அன்னிக்கு நான் வெறும் வயித்தோடதான் வருவேன்."

மருதாசலத்தின் மனம் துள்ளியது. தொட்டியைக் காட்டினார். செங்கமலம் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், மறு கண்ணை வைத்துப் பார்த்தார். அலகு தானாக ஒரு தடவை திறந்து மூடியது. தொட்டிக்குள் சுருளாயி ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"நல்ல சரக்கு," என்றார் செங்கமலம். "தாளைக் குடுங்க கிட்டுசாமி."

தாளைப் படித்தார். முகம் மாறியது. மறுபடி படித்தார்.

"இதுல சுமார் எங்கீங்க?"

"சுமார் இல்லீங்க அம்மிணி," என்றார் மருதாசலம் பெருமையாக. "துல்லியம்."

"கெட்டுது போங்க! சுமார் எரநூறுன்னு போட்டிருந்தா அது உத்தேசம். எரநூத்துப் பதினாலுன்னு போட்டு, கையெழுத்தும் போட்டு, எண்ணுநர் முத்திரையும் குத்திருந்தா அதுக்குப் பேரு கணக்கெடுப்பு. எண்ணிக்கையில ஏறுன உயிர எப்படீங்க நான் திங்கறது?"

"நான் ஓய்வு பெத்தவனாச்சே!"

"ஆள்தானுங்க ஓய்வு பெறும். முத்திரை பெறாது," என்றார் கிட்டுசாமி, தலையை ஆட்டியபடி. "நான் அன்னிக்கே சொன்னனுங்க."

செங்கமலம் அலகைச் சொரிந்துகொண்டார். "சரி, போச்சாது. எழுதி நாப்பது நாள் ஆச்சு. அப்புறம் பொறந்தது எத்தனையோ இருக்குமே? அதைத் தின்னுட்டுப் போறேன்."

கிட்டுசாமி ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிணைப்புகளை எடுத்து வைத்தார். ஐந்து. ஆலமரப் பொந்தில் அவரைக் காணாமல் திரும்பிய காக்கை வந்து ஆறாவதையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

"எதுவரைக்கும் எண்ணிருக்கறீங்க?" என்றார் செங்கமலம் சன்னமான குரலில்.

"இன்னிக்கு ஏழு மணி வரைக்குமுங்க," என்றார் மருதாசலம் அதைவிடச் சன்னமாக.

சுருளாயி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.

செங்கமலம் ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றார். யோசிக்கும்போது அவருக்கு அது வழக்கம். "இங்க பாருங்க. என் தாள்ல 'அகற்றப்பட்ட உயிர்கள்' அப்படீன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல பூச்சியம் போட்டா எனக்கு அடுத்த வேலை குடுக்க மாட்டாங்க. பசி வேற. இந்தத் தொட்டியில எண்ணிக்கையில ஏறாத உயிரு ஏதாச்சும் இருக்குதா?"

பதில் ஆரஞ்சு நிறத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஓ," என்றார் செங்கமலம். "மீனு."

"வேண்டாமுங்க!"

"எத்தனை இருக்குது?"

மருதாசலத்தின் வாய் திறந்தது. எண் வரவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எறும்பு, கரையான், அதன் முட்டை, புற்றுக்கு மேலே விழுந்த இலை வரைக்கும் எண்ணியவர். இந்த ஒன்றை மட்டும் எண்ணியதில்லை. கண் பட்டுவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தவர். பொத்தி வைத்ததால் சரோசா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பவளம் இல்லை. ஏகாம்பரம் இவ்வளவு பேசியும் இல்லை. காட்டின் பார்வையில் தொட்டியில் இருந்தவை இருநூற்று எண்பத்தாறு நத்தைகளும் ஒரு வாய் இரையும்.

செங்கமலத்தின் அலகு தண்ணீரைத் தொட்டது.

மருதாசலம் சுருண்டார். தலை வயிற்றுக்குள் போனது, வால் தலைமேல் வந்தது. உள்ளே இருட்டாக, சுகமாக இருந்தது. அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து வந்த குரல், குமிழியோடு சேர்ந்து உடைந்தது.

"அய்யா, இந்தம்மா வாய் நெம்பப் பக்கத்துல இருக்குதுங்க!"

அவர் அவிழ்ந்தார். சுருண்ட உடனே அவிழ்ந்தது அவர் ஆயுளில் அது முதல் தடவை. பொதுவாக அரை மணி நேரமாவது ஆகும்.

"நிறுத்துங்க அம்மிணி! கிட்டுசாமி, மீன எண்ணறதுக்குப் படிவம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. அது வேற பிரிவு. வெள்ளிக்கிழமைதான் குடுப்பாங்க. இன்னிக்குச் செவ்வாய்."

"இப்ப கையில என்ன இருக்குது?"

"நத்தைப் பின்னிணைப்புத்தானுங்க. ஒண்ணு காலியா இருக்குது."

"அதைக் குடுங்க."

மருதாசலம் தாளைப் பாறைமேல் விரித்தார். எழுதுகோலை எடுத்தார். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மா, நான் மீன எண்ணலை, நத்தையைத்தான் எண்ணறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

"இருநூற்று எண்பத்தேழு, சரோசா. நத்தை. இருநூற்று எண்பத்தெட்டு, பவளம். நத்தை. இருநூற்று எண்பத்தொன்பது, ஏகாம்பரம். நத்தை."

"என்னங்க பொய் சொல்றீங்க!" என்றார் செங்கமலம். "இதுக்கு வாலு இருக்குது. நீந்துது."

"வாலைப் பத்தியும் நீச்சலப் பத்தியும் படிவத்துல கேள்வி இல்லீங்களே. கேட்டதுக்குப் பதில் சொல்றேன். தண்ணியில குடியிருக்குதா?"

"இருக்குது."

"வழுவழுன்னு இருக்குதா?"

செங்கமலம் அலகால் பவளத்தைத் தொட்டுப் பார்த்தார். பவளம் வழுக்கிக்கொண்டு போனாள். "இருக்குது."

"கால் இருக்குதா?"

"இல்லை."

"மூணு ஆச்சுங்க. நாலுல மூணு பொருந்துனா என்னன்னு கிட்டுசாமியக் கேளுங்க."

கிட்டுசாமி தலையை ஆட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இருந்தது.

"ஓடு?" என்றார் செங்கமலம் விடாமல்.

மருதாசலம் ஓடு என்ற கட்டத்தில் 'பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். முப்பத்தோரு வருடமும் ஓய்வுக்குப் பிந்திய நாட்களும் சேர்த்து அவர் எழுதிய முதல் பொய். எழுத்து மணி மணியாக இருந்தது.

"அதுங்க நத்தையா?" என்று தொட்டிக்குள் ஒரு குட்டி நத்தை கேட்டது.

"இப்ப நத்தைதான்," என்றது சுருளாயி. "தள்ளி இடம் விடு."

செங்கமலம் நிமிர்ந்து நின்றார். கண்ணில் பசி தெரிந்தது. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தார். பார்வை கிட்டுசாமியின் மேல் வந்து நின்றது.

"ஏனுங்க கிட்டுசாமி. நீங்க எந்த எண்ணிக்கையில இருக்கறீங்க?"

"நாங்க எண்ணற துறைங்க," என்றார் கிட்டுசாமி பெருமையாகத் தலையை ஆட்டியபடி. "எங்களை யாரு எண்ணப் போறாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. அடுத்த நொடி தண்ணீர் தெறித்தது. ஓணான் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் நத்தைச் சளி. நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, "எழுதுங்க அய்யா, எழுதுங்க! எரநூத்துத் தொண்ணூறு! தண்ணியில இருக்கறேன், வழுக்கறேன், காலு தெரியலை!" என்று கத்தினார்.

மருதாசலம் எழுதினார். கிட்டுசாமி கத்தியும் அவர் சுருளவில்லை. அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

செங்கமலம் பெருமூச்சு விட்டார். தொட்டியின் ஓரத்தில், நத்தை பிடிக்க மருதாசலம் நேற்று மாலை மறுபடி போட்டிருந்த வெள்ளரித் துண்டு மிதந்தது. அதைக் கொத்தி விழுங்கினார். முகம் சுளித்தார். தாளை எடுத்து, 'அகற்றப்பட்டவை: ஒன்று. வகை: பச்சை. பணி திருப்தியாக முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த தடவை," என்றார் போகும்போது, "யாரு என்ன கேட்டாலும் சுமார்னு சொல்லிப் பழகுங்க. எத்தனை குடும்பம் உங்களால பட்டினி கெடக்குதோ."

எட்டு நாளில் எண்ணிக்கைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் பொறுப்பில் இருநூற்றுத் தொண்ணூறு நத்தைகள் பதிவாகியுள்ளன. எண்ணிக்கை குறையுமானால், குறைந்த ஒவ்வொரு நத்தைக்கும் தனித்தனியே விளக்கம் எழுத வேண்டும்.'

மருதாசலம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தீனி டப்பாவை எடுத்தார். தலைக்குப் பன்னிரண்டு என்பதைப் பதினைந்தாக்கினார்.

"ஒரு காலத்துல கொறைக்கச் சொன்னேன்," என்றது சுருளாயி வாய் நிறைய மென்றுகொண்டே. "நல்லவேளை நீங்க கேக்கலை."

வாரம் இரண்டு நாள் வெள்ளரியும் போட்டார். இந்த முறை திரும்ப எடுப்பதற்காக அல்ல. காற்றுக் குழாயை மட்டும் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதிவான நத்தைகள் பதிவான நத்தைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று சுருளாயியும் ஒப்புக்கொண்டது. சரோசா இப்போது மேலே வருவதில்லை. நடுத் தண்ணீரில் நின்று நன்றாக மூச்சு விடுகிறாள். கிட்டுசாமி தொட்டிக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே படிவம் கொடுக்கிறார். ஆலமரப் பொந்துக்குத் திரும்பிப் போக அவருக்குத் துணிவு வரவில்லை.

அதனால் வரிசையும் மருதாசலத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. செய்தி பரவியதும் இன்னும் எண்ணப்படாத முயல்கள் வந்தன, குட்டையில் நனைந்துகொண்டு, காலை மடித்துக்கொண்டு. மான்கள் வந்தன, உடம்பில் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு. எல்லோருக்கும் நத்தையாக வேண்டும். மருதாசலம் ஒருவர் விடாமல் எண்ணிப் பதிகிறார். சுமார் என்று இன்னமும் எழுதுவதில்லை. அந்த வருடத்துக் காட்டு அறிக்கையில், 'நத்தைகள்: மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. கட்டுப்பாடு மிகத் திருப்திகரம், ஒரு நத்தைகூடப் பதிவுக்கு வெளியே இல்லை' என்று இருந்தது. புலி மட்டும் மிகவும் மெலிந்துபோய், நத்தைகுத்தி நாரையிடம் வெள்ளரி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பக்கத்துப் பாறை முள்ளெலி வந்து தொட்டியைப் பார்த்தது.

"ஏனுங்க மருதாசலம், மீனு நல்லாக் கொழுத்திருக்குதே. மொத்தம் எத்தனை?"

மருதாசலம் தொட்டியைப் பார்த்தார். ஏகாம்பரம் பேசிக்கொண்டிருந்தான். பவளம் கேட்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சரோசா சும்மா இருந்தாள். அம்மா இருந்திருந்தால் தலையைத் தடவிக் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது.

"மீனா?" என்றார். "எங்க வீட்டுல மீனே இல்லீங்க. எல்லாம் நத்தை."

நீதி: வேண்டாதவரை ஒருபோதும் சரியாக எண்ணாதே, எண்ணிவிட்டால் பிறகு நீதான் சோறு போட வேண்டும். வேண்டியவரை வேண்டாதவர் பட்டியலில் முதல் வேலையாகச் சேர்த்துவிடு. அரசாங்கத்தால் அசைக்க முடியாத இடம் அது ஒன்றுதான்.